கல்வெட்டைத் தேடிச் செல்லும் கைக்கருவி

பெங்களூர் நகரின் தென்புறத்தில் பேகூர் என்னும் பழைய ஊர் உளது. அவ்வூர் நாகேசுவரர் கோயில் வளாகத்தில் கண்ட ஒரு கன்னடக் கல்வெட்டு, 'பெங்களூர்ப் போர்' ஒன்றைக் குறிப்பிடுகிறது. அதன் காலம் ஏறத்தாழ கி.பி. 890 என்பர். மடிவாளாவில் உள்ள சோமேசுவரர் கோயிலின் சுவரில் கி.பி. 1247ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. தொம்பலூர் என்று பண்டு வழங்கிய டொம்லூரில், சொக்கநாதசுவாமி கோயிலிலும் தமிழ்ச் சாசனங்கள் உள்ளன. கற்கோபுரங்களைக் காட்டிலும் கண்ணாடி மாளிகைகளுக்கே இன்று பெயர்பெற்றுள்ள இந்நகரின் சந்துபொந்துகளில் இத்தகைய கற்கள் எத்தனையோ நிற்கின்றன.

பெங்களூரிலேயே பிறந்தவரான பி. எல். ரைஸ் என்னும் அறிஞர், இம்மாவட்டத்துக் கல்வெட்டுகளைத் தொகுத்து 'எபிகிராஃபியா கர்னாடிகா' வரிசையின் 9ஆம் தொகுதியாக 1905ஆம் ஆண்டில் வெளியிட்டார். அத்தொகுதி ஒவ்வொரு கல்லும் இருக்கும் இடத்தை, 'ஊருக்கு வடக்கே உள்ள வயலில்', 'கோயிலின் தென்சுவரில்' என்ற முறையிலேயே குறிக்கிறது. அக்காலத்திற்கு அது போதுமானதே. ஆயின் அந்த வயல் இன்று தெருவாகிவிட்டது. ஏரிக்கரை பேருந்து நிலையமாகிவிட்டது. ஊர் நகரினுள் அடங்கி, பெயர் மட்டும் எஞ்சி நிற்கிறது. நூலைக் கையில் ஏந்திச் சென்று தேடுவோர்க்குப் பல கற்கள் அகப்படுவதில்லை. சில மண்ணுள் புதைந்தன. சில கட்டுமானத்துக்குக் கல்லாகப் பயன்பட்டுப் போயின. ஆதலின் இன்று எஞ்சியுள்ள ஒவ்வொரு கல்லின் இடத்தையும் அட்சரேகை, தீர்க்கரேகைகளால் குறித்து வைத்தல் காலந்தாழ்த்தத் தகாத பணியாகும். பெங்களூரில் உதயகுமார் என்னும் பொறியியலாளர் முதலிய ஆர்வலர் இதனை மேற்கொண்டனர். 1909ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மிதிக் சங்கமும் 2021ஆம் ஆண்டு முதல் கற்களை முப்பரிமாண முறையில் படியெடுத்து வருகிறது.

இடங்களைக் குறித்த பட்டியல் கைக்கு வந்துவிட்டால் பணி முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. பட்டியலில் உள்ள எண்கள் ஜி.பி.எஸ். கைக்கருவியினுள் பிழையின்றிச் சென்று சேர வேண்டும். களப்பணியாளரையும், மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியரையும் கருதி, அம்முறையை இங்கே விளக்குவோம்.

இம்முறை ஒரு விளையாட்டின் வாயிலாக வளர்ந்தது என்பது வியப்பளிக்கும். அமெரிக்க அரசு தன் செயற்கைக்கோள்களின் குறிப்பில், படைத்துறையைச் சாராதோர்க்கென வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதனால் கைக்கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தவறக்கூடும். 2000ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் அப்பிழை நீக்கப்பட்டது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர், சில பொருள்களை இட்ட வாளி ஒன்றைக் காட்டில் மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்ச தீர்க்கரேகைகளைக் கணிப்பொறி வலையில் அறிவித்தார். எண்களைக் கொண்டே பிறர் அதனைக் கண்டுபிடித்தனர். 'ஜியோகேஷிங்' என்னும் இவ்விளையாட்டு உலகெங்கும் பரவிற்று. ஆடுவோர் நூற்றுக்கணக்கான இடங்களைக் கருவியில் விரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பதிய இயலுமா? அதற்கென மென்பொருள்கள் தோன்றின. அவ்வாறு பிறந்த வசதியே இன்று காடு அளப்போர்க்கும் கல்வெட்டுத் தேடுவோர்க்கும் உதவுகிறது.

விளையாட்டினை அப்படியே நம் நகரில் ஆடுமாறு கூற மாட்டோம். பொது இடத்தில் அறியாத பெட்டியொன்று ஒளித்து வைக்கப்பட்டிருப்பின் அது வெடிபொருளோ என்ற அச்சம் எழும். காவலர் வருவர். பெங்களூரில் படைத்துறை நிலங்களும் மிகுதி. மேலும், புதிதாக ஒன்றைப் புதைத்துத் தேட வேண்டிய தேவைதான் யாது? முன்னோர் நட்டு வைத்தவையே தேடுவாரின்றிக் கிடக்கின்றன.

இனி முறையைக் காண்போம். கருவியில் சேமித்து வைக்கும் ஒவ்வோர் இடத்தையும் ஆங்கிலத்தில் 'வேபாயின்ட்' என்பர். நாம் இடக்குறி என வழங்குவோம். ஓர் இடக்குறியில் அட்சரேகை, தீர்க்கரேகை, பெயர் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. குறிப்புரையும் சின்னமும் சேர்க்கலாம். கருவிக்குக் கருவி இவற்றை எழுதும் மொழி வேறுபட்டிருந்தமையால், 2002ஆம் ஆண்டில் டோபோகிராஃபிக்ஸ் என்னும் நிறுவனம் ஜி.பி.எக்ஸ். என்ற பொதுவான கோப்பு வடிவத்தை வெளியிட்டது. அது யாவரும் திறந்து படிக்கக்கூடிய எளிய எழுத்துக் கோப்பே. ராபர்ட் லைப் என்பவர் உருவாக்கிய ஜி.பி.எஸ்.பேபல் என்னும் இலவச மென்பொருள், நூற்றுக்கும் மேற்பட்ட கோப்பு வடிவங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித் தரும். பல மொழி பேசி மயங்கிய பேபல் கோபுரத்தின் கதையை அறிந்தோர்க்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

அட்டவணைத் தாளில் அமைந்த பட்டியலை, காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட எழுத்துக் கோப்பாகச் சேமித்து, ஜி.பி.எஸ்.பேபலில் உள்ளீடாகக் கொடுத்து, வெளியீட்டினை ஜி.பி.எக்ஸ். எனக் குறித்தால் கோப்பு ஆயத்தமாகும். இக்காலக் கருவிகளைக் கம்பியால் கணிப்பொறியுடன் இணைத்தவுடன் அவை ஒரு சேமிப்புப் பெட்டகம்போல் திரையில் தோன்றும். கார்மின் கருவியாயின் 'கார்மின்' என்னும் உறையினுள் உள்ள 'ஜி.பி.எக்ஸ்.' உறையில் கோப்பினைப் படியெடுத்து வைத்து, முறைப்படி இணைப்பைத் துண்டித்தல் வேண்டும். பழைய கருவிகளுக்கு இவ்வசதி இல்லை. அவற்றிற்கு மென்பொருளே கம்பி வழியாக ஒவ்வோர் இடக்குறியாக அனுப்பும். இவ்வளவும் கால்மணி நேர வேலை. ஆனால் பிழை புகும் வாயில்களை அறியாதவன் அரைநாள் அலைவான்.

முதல் வாயில், பாகையை எழுதும் முறை. கப்பன் பூங்காவினுள் ஓரிடம் வட அட்சரேகை 12 பாகை 58 கலை 30 விகலை, கிழக்குத் தீர்க்கரேகை 77 பாகை 35 கலை 40 விகலை எனக் கொள்வோம். தசம பாகையில் இது 12.9750, 77.5944 ஆகும். கலையை 60ஆலும் விகலையை 3600ஆலும் வகுத்துக் கூட்டினால் இவ்விடை வரும். அவ்வாறு செய்யாது, எண்களை அடுத்தடுத்து எழுதி 12.5830, 77.3540 என ஏற்றினால் நேர்வது யாது? கருவி எவ்வித மறுப்பும் கூறாது. பூங்காவுக்கு வழி கேட்டவனைத் தென்மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், கனகபுரத்தின் பக்கம் அழைத்துச் செல்லும். ஜியோகேஷிங் ஆடுவோர் பாகையும் தசமக் கலையுமாக எழுதுவது வழக்கம். நில வரைபடங்களோ விகலை வரை தருகின்றன. பட்டியல் இம்மூன்றில் எம்முறையில் எழுதப்பட்டது என்பதைத் தலைப்பிலேயே குறிக்காதவர் பிறர்க்குப் பெருந்தீங்கு செய்தவராவர். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றி எழுதினால், கல் ஆர்க்டிக் கடலில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவை ஒட்டி நிற்கும். இது நகைப்புக்குரியதாயினும் நன்மையே. அப்பிழை உடனே கண்ணில் படும். ஐம்பது கிலோமீட்டர் பிழை அவ்வாறு படாது.

இரண்டாவது வாயில், தசமப் புள்ளிக்குப் பின் உள்ள இலக்கங்கள். அட்டவணை மென்பொருள் சில, திரையில் காட்டும் இலக்கங்களை மட்டுமே எழுத்துக் கோப்பில் சேமிக்கும். இரண்டு இலக்கங்களே காட்டும்படி நிரல் அமைந்திருப்பின், 12.9750 என்பது 12.98 ஆகிவிடும். பெங்களூரின் அட்சரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர் ஆதலின், நூறில் ஒரு பாகை 1 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நான்காம் இலக்கம் 11 மீட்டரையும் ஐந்தாம் இலக்கம் 1 மீட்டரையும் காட்டும். ஐந்து இலக்கங்கள் வேண்டும். அதற்கு மேல் எழுதுவது கருவிக்கில்லாத நுட்பத்தை அதற்கு ஏற்றிக் கூறுவதாகும். வெட்டவெளியில் நல்ல கைக்கருவியும் 3 முதல் 5 மீட்டர் வரை தவறும்.

மூன்றாவது, சற்று நுணுக்கமானது. பூமியின் வடிவத்தை எந்தக் கோளவடிவாகக் கொண்டு அளந்தோம் என்பதைப் பொறுத்து ஒரே கல்லுக்கு வெவ்வேறு எண்கள் வரும். கர்னல் லாம்டன் 1804ஆம் ஆண்டில் பெங்களூருக்கு அருகே ஓர் அடிக்கோட்டினை அளந்தார். அவர் தொடங்கிய பெருமுக்கோண அளவையின் வழியில், எவரெஸ்ட் வகுத்த கோளவடிவு நம் நாட்டுப் பழைய வரைபடங்களுக்கு அடிப்படையாயிற்று. ஜி.பி.எஸ். கருவியோ 'டபிள்யூ.ஜி.எஸ். 84' என்னும் உலகளாவிய அமைப்பைக் கொள்கிறது. ஜி.பி.எக்ஸ். கோப்பிற்கும் அதுவே விதி. பழைய வரைபடத்திலிருந்து எடுத்த எண்ணை மாற்றமின்றி ஏற்றினால், பெங்களூரில் 100 மீட்டருக்கும் மேலான பிழை ஏற்படும். அடுத்த தெருவில் தேடிவிட்டுக் கல் காணாமற் போயிற்று என்று எழுதி வைப்பதற்கு இவ்வளவே போதும். அவ்வாறு 'இல்லை' என்று பதிவான கல்லை மறுபடி யார் தேடப் போகிறார்?

பெயரிடுதலிலும் கவனம் வேண்டும். இக்கட்டுரையாளர் ஒருமுறை நாற்பது இடக்குறிகளைப் பழைய கருவி ஒன்றில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். பேகூரில் உள்ள கற்களுக்கு ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி, ஒரு கோடிட்டு, அதன்பின் வரிசை எண் கொடுத்திருந்தார். அக்கருவி ஒரு பெயருக்கு ஆறு எழுத்துகளே ஏற்பது. ஊர்ப்பெயருக்கு ஐந்தும் கோட்டிற்கு ஒன்றும் செலவாகிவிட்டன. எல்லாக் கற்களும் ஒரே பெயரைப் பெற, ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டுக் கடைசிக் கல் மட்டும் எஞ்சியது. மற்றவற்றின் இடம் வீட்டில் இருந்த கணிப்பொறியில் பத்திரமாக இருந்தது! வேறுபடுத்தும் எண்ணை முன்னே எழுதுக. மென்பொருளில் பெயர்களைச் சுருக்கித் தனித்தனியாக்கும் வசதியும் உண்டு. தமிழிலோ கன்னடத்திலோ பெயரிட விரும்புவோர், தம் கருவி அவ்வெழுத்தைக் காட்டுமா என்பதை முன்னரே சோதித்துக்கொள்ள வேண்டும்.

கருவியின் கொள்ளளவும் அறியத் தக்கது. ஈட்ரெக்ஸ் 10 என்னும் எளிய கருவி 1000 இடக்குறிகளை ஏற்கும். ஒருநாட் பயணத்திற்கு அத்தனையும் வேண்டா. ஓரிடத்திலிருந்து குறித்த தொலைவுக்குள் உள்ளவற்றை மட்டும் பொறுக்குதல், இருமுறை வந்தவற்றை நீக்குதல் ஆகிய இரண்டையும் ஜி.பி.எஸ்.பேபல் செய்யும். டொம்லூரை மையமாகக் கொண்டு 5 கிலோமீட்டர் எனக் கட்டளையிட்டால் அவ்வட்டத்துக்குள் அடங்கியவை மட்டும் கோப்பில் நிற்கும்.

ஏற்றிய பின், புறப்படுமுன், தெரிந்த இடம் ஒன்றைக் கொண்டு சோதிப்பது மிகச் சிறந்த காப்பு. ஆசிரியர்க்குப் பள்ளியின் கொடிக்கம்பமே போதும். நகரில் அழகிய சோதனைப் புள்ளிகளும் உள. கெம்பே கவுடர் பெயரால் வழங்கும் நான்கு கோபுரங்கள் லால்பாக், கெம்பாம்புதி ஏரி, அல்சூர், மேக்ரி வட்டம் ஆகிய இடங்களில் நிற்கின்றன. லால்பாக் பாறைமேல் நின்று நோக்கினால், மேக்ரி வட்டத்துக் கோபுரம் ஏறத்தாழ நேர் வடக்கில் 7 கிலோமீட்டர் தொலைவில் இருத்தல் வேண்டும். கருவியின் அம்பு வேறு திசை காட்டினாலும், தொலைவு மாறினாலும், பட்டியல் முழுவதையும் மீண்டும் பார்க்க வேண்டியதே. மாணவர்க்கு அட்சரேகையின் பொருளை விளக்க இதனினும் நல்ல பாடம் கிடைப்பது அரிது.

கல்லை நெருங்கிய பின் கருவியை அளவுக்கு மீறி நம்பலாகாது. தூங்குமூஞ்சி மரங்களின் அடர்நிழலிலும், மேம்பாலத்தின் அடியிலும், உயர்ந்த மாளிகைகளுக்கிடையிலும் செயற்கைக்கோளின் அலைகள் தடைப்பட்டும் எதிரொலித்தும் வருவதால் அம்பு தடுமாறும். 10 மீட்டருக்குள் வந்தவுடன் கருவியைத் தாழ்த்திவிட்டுக் கண்ணால் தேடுக. அக்கம்பக்கத்து முதியோரிடம் கேட்டல் கருவியினும் விரைவில் பயன் தருவதுண்டு. பல கற்கள் வழிபாட்டில் உள்ளவை. உரியோரின் இசைவு பெற்றே அணுக வேண்டும். எழுத்துத் தெளிவுக்காகக் கல்லைச் சுரண்டுதலும் எண்ணெய் பூசுதலும் கூடா. பக்கவாட்டில் விளக்கொளி பாய்ச்சினால் எழுத்துத் தானே தோன்றும்.

கல் நிற்குமிடம் மாறியிருப்பின் என் செய்வது? 2018ஆம் ஆண்டில் ஹெப்பாளத்தில் கிட்டய்யா என்னும் வீரனின் நடுகல் கண்டெடுக்கப்பட்டது. காலம் ஏறத்தாழ கி.பி. 750. பின்னர் அதற்கென மண்டபம் எழுப்பப்பட்டது. இத்தகைய கற்களுக்குக் கண்டெடுத்த இடம் வேறு, இன்று நிற்கும் இடம் வேறாதல் இயல்பு. வரலாற்று மாணவர்க்கு முன்னது வேண்டும். காணச் செல்வோர்க்குப் பின்னது வேண்டும். ஆதலின் இரண்டையும் இரு இடக்குறிகளாக வைத்து, குறிப்புரையில் எது எது என்பதையும், அளந்த நாளையும், அளந்தவர் யார் என்பதையும் எழுதுதல் முறையாகும். புதிய எண் கிடைத்தது என்று பழையதை அழித்துவிடல் ஆகாது.

திரும்பி வந்த அன்றே கருவியை மீண்டும் கணிப்பொறியுடன் இணைத்து, களத்தில் பதிந்த இடக்குறிகளை நாளினைப் பெயராகக் கொண்ட தனிக் கோப்பாக இறக்கி வைக்கவும். புதிதாகக் கண்ட கல்லாயின் திறந்த வெளியில் இரண்டு மூன்று நிமிடம் கருவியை அசையாது பிடித்து, சராசரி எடுத்தபின்பே பதிதல் நலம். கல் அகப்படாத இடங்களையும் விட்டுவிடாமல், 'இந்நாளில், இந்த எண்ணில், இத்தனை மீட்டர் சுற்றளவில் தேடினோம். கண்டிலோம்' எனக் குறிப்புரையில் எழுதிச் சேர்க்கவும்.