கீரிப்பூச்சி என்னும் படைப்பு

நாயிடமிருந்தோ பூனையிடமிருந்தோ கீரிப்பூச்சி வருவதில்லை. மனிதக் குடலே அதற்கு வீடு. அமெரிக்காவின் யூட்டா மாநிலக் குகையொன்றில் கிடைத்த, ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழைய மனித மலத்திலும் அதன் முட்டை இருந்தது. அன்று குகைவாசியோடு வாழ்ந்த சிற்றுயிர், இன்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு வாழ்கிறது.

பெண் பூச்சி வெள்ளை நூல் துணுக்குபோல ஒரு சென்டிமீட்டர் இருக்கும். ஆண் அதில் பாதிகூடத் தேறாது. சூல் முற்றிய பெண்ணின் உடலெங்கும் முட்டைதான், பத்தாயிரத்துக்கும் மேல். கண்ணில்லாத அந்த உயிர், பிள்ளை அயர்ந்து உறங்கும் நேரத்தில் ஆசனவாய்க்கு வெளியே வந்து, தோல் மடிப்புகளில் முட்டைகளை ஒட்டிவிட்டு மடிகிறது. குடலுக்குள்ளேயே இட்டால் என்ன? முட்டையினுள் கரு முதிர ஆக்சிஜன் வேண்டும்; அங்கே அது போதாது. இதை அந்தப் பூச்சிக்குச் சொல்லிவைத்தவன் யார்! நினைக்க நினைக்க மெய்சிலிர்க்கிறது.

நாலிலிருந்து ஆறு மணி நேரத்தில் முட்டை தொற்றுவதற்குத் தயார். விடிவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. அரிப்பு தாளாமல் தூக்கத்திலேயே பிள்ளை சொறியும். நகத்தடியில் முட்டை ஏறும். காலையில் அந்த விரல் வாய்க்குப் போகும், பென்சிலுக்குப் போகும், பக்கத்துப் பிள்ளையின் கைக்கும் போகும். காலில்லாத முட்டைக்குக் குழந்தையின் விரலே வாகனம். போர்வையிலும் பாயிலும் உதிர்ந்தவை இரண்டு, மூன்று வாரம்கூட உயிரோடிருக்கும்.

இந்த நுட்பத்தைப் படைத்தவனே அதை அறிந்துகொள்ளும் அறிவையும் நமக்குத் தந்திருக்கிறான். பிள்ளையின் தூக்கம் கெடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வெளியே சொல்லக் கூசும் தாய்மாரே, சுத்தமான வீட்டுப் பிள்ளைக்கும் இது வரும். காலையில் கழுவுவதற்கு முன் ஆசனவாயில் செல்லோடேப்பை ஒட்டியெடுத்துக் கொடுத்தால், மைக்ராஸ்கோப்பில் முட்டை தெரிந்துவிடும். குடற்புழு நீக்க நாளில் பள்ளியில் தரும் அல்பெண்டசோல் இந்தப் பூச்சியையும் கொல்லும். முட்டையை நம்பகமாக அழிக்காது. அதனால்தான் டாக்டர்கள் இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை தருகிறார்கள். பெரும்பாலும் வீட்டிலுள்ள எல்லாருக்கும் சேர்த்தே தருவார்கள்.

பிள்ளையின் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். எழுந்ததும் கால் கழுவி, உள்ளாடை மாற்றுங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். விரிப்புகளை உதறாமல் சுருட்டியெடுத்து வெந்நீரில் துவையுங்கள்.