சட்டாம்பிள்ளையின் செல்போன்

காலை ஒன்பதே காலுக்கு என் அக்காவுக்குப் போன் போட்டால் எடுக்க மாட்டாள். தப்பித் தவறி எடுத்தாலும், "இருடா, இது சுத்திக்கிட்டே இருக்கு" என்பாள். சுற்றுவது செயலியின் வட்டம். செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியை. வகுப்பறைக்குள் சிக்னல் கிடையாது. வேப்பமரத்தடியில் போய் நின்றால் இரண்டு கோடு வரும். பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்ற சேதி மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் பாடம். மறைமலைநகரில் உட்கார்ந்து புத்தகம் புரட்டுகிற எனக்கு, அதிகாரம் நுண்ணிய இழைகளாக இயங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் அகப்படவில்லை. அவளிடமே சொன்னேன். "அதையெல்லாம் நீ எழுதிக்கோ, எனக்கு சிக்னல் வந்தா போதும்" என்றாள்.

நம் நண்பர்களிடம் இது குறித்து இரண்டு பேச்சுகள்தான் உண்டு. இணையம் வந்தால் கல்வி ஜனநாயகமாகிவிடும் என்பது ஒன்று. எல்லாமே கண்காணிப்பு, தூக்கிப் போடு என்பது இன்னொன்று. இரண்டிலும் ஆசிரியர் இல்லை. ஆசிரியர்கள் இணையக் கருவிகளால் ஒருவரோடொருவர் சேர்ந்து வேலை செய்வது என்றால் என்ன, அது எந்த இடத்தில் வேறொன்றாகத் திரிகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பழைய கதை ஒன்று உதவும்.

1789-ல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் அநாதைப் பையன்களுக்கான காப்பகப் பள்ளியின் பொறுப்பு ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியாரிடம் வந்தது. உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, அதைத் தன் பள்ளியில் புகுத்தப் பார்த்தார். உதவி ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. மூத்த பையன்களை வைத்துச் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை பார்த்த வேலைதான். 1797-ல் லண்டனில் இதை நூலாக்கினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவி, ஒரே வாத்தியாரின் கீழ் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை வரிசையில் உட்காரவைக்கும் ஏற்பாடானது. பிள்ளை பிள்ளைக்குச் சொல்லித் தருவதும், பிள்ளை பிள்ளையை வேவு பார்ப்பதும் ஒரே இயந்திரத்தின் இரண்டு சக்கரங்களாயின. தண்டனை குறித்த தன் 1975-ஆம் ஆண்டு நூலில் பூக்கோ இவ்வகைப் பள்ளிகளைப் பேசுவது இதனால்தான். (திண்ணையைப் பொற்காலமாக்க வேண்டாம். சேரிப் பிள்ளை அதில் ஏற முடியாது. சட்டாம்பிள்ளையின் பிரம்பும் பூப்பிரம்பு அல்ல.) நான் பிடித்துக்கொள்வது ஒன்றைத்தான்: பக்கவாட்டில் நடந்த கற்றல், மேல்நோக்கிய கணக்காக மாறிப்போனது.

இனி 2020. மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்குக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ல். 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி இருந்தது. ஆனால் தொலைக்காட்சியிடம் கேள்வி கேட்க முடியாது. போன் இருந்ததே என்றால், யாரிடம் இருந்தது? 2021-ன் 'அசர்' ஆய்வு, நாட்டின் கிராமப்புறங்களில் பள்ளியில் சேர்ந்திருந்த பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்ததென்றும், அப்படி இருந்த வீடுகளிலும் சுமார் கால்வாசிப் பிள்ளைகளின் கைக்கு அது வரவே இல்லை என்றும் சொன்னது. எங்கள் பக்கத்தில் போன் அப்பாவோடு கம்பெனி ஷிப்டுக்குப் போய்விடும். இரவு பத்துக்குத் திரும்பும். அக்காவுக்கு வீட்டுப்பாடப் படங்கள் பத்தரைக்குத்தான் வர ஆரம்பிக்கும்.

அப்போது நாலைந்து ஒன்றியங்களைச் சேர்ந்த ஆசிரியர்கள் தாங்களாகவே ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. வீடியோ டேட்டாவைத் தின்றுவிடும் என்பதால் இரண்டு நிமிடக் குரல்பதிவுகள். மாமல்லபுரம் கரையோரக் குப்பத்துப் பள்ளி வாத்தியார் ஒருவர் பின்னத்தை மீன்பாட்டுப் பங்கில் சொன்னார்: படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒன்று. அக்கா பள்ளியில் பாதிப் பேர் சூளைப் பிள்ளைகள், இருளர் வீட்டுப் பிள்ளைகள். "சார், எங்க புள்ளைங்களுக்கு வலை தெரியாது, ஆயிரம் கல்லுக்கு இவ்ளோன்னு கூலி தெரியும்" என்று அவள் அதையே மாற்றிப் பதிந்தாள். வேறொருவர் அதில் ஒரு தப்பைப் பிடித்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவன் என்ற முறையில் எனக்கு உறைத்தது வேறொன்று. எழுத்துத் தமிழை மட்டுமே பதிவாக ஏற்றுவந்த பள்ளிக்கூடத்தில், பேச்சுத்தமிழ் பாடமாகவே சேமிக்கப்பட்டுக் கைமாறிக்கொண்டிருந்தது. தனித்தமிழ் அடிகளார் பெயர் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு இதை ரசித்ததற்கு அடிகள் மன்னிக்கட்டும்.

இது தற்செயல் அல்ல. 1971-ல் இவான் இல்லிச், பள்ளியை ஒழிக்கச் சொன்ன நூலில், ஒரு கணிப்பொறியைக் கற்பனை செய்தார். உங்கள் பெயர், முகவரி, எதைக் கற்கத் துணை வேண்டும் என்று கொடுத்தால், அதே ஆர்வமுள்ளவர்களின் பெயர்களை அது திருப்பித் தரும். அவ்வளவுதான். மதிப்பெண் இல்லை, மேலதிகாரி இல்லை. அந்த வாட்ஸ்அப் குழு அதற்குக் கிட்டத்தில் வந்தது, பள்ளியை ஒழிக்காமலே.

கூட்டாக எழுதும் இணைய ஆவணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ஊரிலிருந்து பத்துப் பேர் ஒரே தாளில் எழுதலாம். யார் எதை அடித்தார், எதைச் சேர்த்தார் என்ற பாடபேதம், சுவடிப் பதிப்பாசிரியர்கள் ஆயுள் முழுக்கத் தேடி அலைந்தது, தானாகவே சேர்ந்துகொண்டிருக்கும். அதற்குள் நுழைய மூன்று படிகள்: பார்க்கலாம், கருத்துச் சொல்லலாம், திருத்தலாம். எந்தக் கருவி வந்தாலும் நான் கேட்பது ஆசிரியருக்கு எந்தப் படி என்றுதான். அரசு தருகிற செயலிகளில் பெரும்பாலும் நான்காவது படி ஒன்று இருக்கிறது: நிரப்பலாம். நிரப்பியது எங்கே போகிறது, என்னவாகிறது என்று நிரப்பியவர் பார்க்க முடியாது. 2023 அக்டோபரில் தொடக்கக் கல்வி ஆசிரியர் இயக்கங்களின் கூட்டு நடவடிக்கைக் குழுவான டிட்டோஜாக் போராட்டத்தில் இறங்கியபோது, 'எமிஸ்' பதிவு வேலையிலிருந்து விடுவிப்பதும் ஒரு கோரிக்கை. கம்ப்யூட்டர் தெரியாதவர்களின் புலம்பல் என்று கேலி செய்தவர்கள் உண்டு. அதே ஆட்கள்தான் ராத்திரி பத்தரைக்குக் குரல்பதிவு போட்டவர்கள்.

மேலே போகிற கணக்கு பத்திரமாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஒன்றிய அரசு 2017-ல் தொடங்கிய 'தீக்‌ஷா'வின் செயலி பிள்ளைகள் இருக்கும் இடத்தைத் திரட்டுகிறது, கூகுளுக்கும் அனுப்புகிறது என்று 2022 மே மாதம் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் சொன்னது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் சொந்த விவரங்கள் அதில் பூட்டில்லாத கிடங்கில் கிடந்ததாக 2023 ஜனவரியில் செய்தி வந்தது. வாட்ஸ்அப்பும் யாரோ ஒரு கம்பெனியின் திண்ணைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திண்ணையில் அக்கா திருத்த முடிந்தது.

பள்ளி திறந்தபின் அந்தக் குழுவில் ஓர் அதிகாரி சேர்க்கப்பட்டார். முதல் வாரம் வணக்கம் போட்டார்கள். இரண்டாம் வாரம் 'இன்று மாலைக்குள் அனுப்பவும்' வந்தது. பிறகு குரல்பதிவு ஒன்றுகூட வரவில்லை. கட்டைவிரல் படம் மட்டும் வரிசையாக. மூன்று மாதம் கழித்து அக்காவின் போனில் புதிதாக ஒரு குழு முளைத்திருந்தது. பெயர் 'சமையல் குறிப்பு'. நேற்று இரவு அதில் வந்திருந்தது, கடன் வாங்கிக் கழித்தலில் பூஜ்யத்திடம் எப்படிக் கடன் கேட்பது என்பது.