தப்பாகச் சொல்லும் டாக்டர்

ஜெருசலேமின் ஹடாசா மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் நடக்கும் வேலைகளை ஆய்வாளர்கள் கூடவே நின்று எண்ணினார்கள். 1995இல் வெளியான கணக்கு இது: ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் சராசரியாக 178 வேலைகள். இரவு பகல் பாராமல் எட்டு நிமிடத்துக்கு ஒன்று! அதில் பிசகியவை 1.7தான், நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. டாக்டரும் நர்சும் வாய்விட்டுப் பேசிக்கொண்டது மொத்த வேலைகளில் வெறும் 2 சதவீதம். ஆனால் பிசகுகளில் 37 சதவீதத்துக்கு அந்தப் பேச்சோடு தொடர்பு இருந்தது.

ஊசி போடப் பழகுவதுபோல் பேசவும் பழகலாம். அதற்கும் கைகொடுப்பதுதான் ஒப்புருவாக்கப் பயிற்சி: நோயாளிக்குப் பதில் பொம்மையைக் கிடத்தி, நெருக்கடியை மட்டும் நிஜம்போல உண்டாக்குவது. பொம்மையின் மார்பு ஏறி இறங்கும். மணிக்கட்டில் நாடி துடிக்கும். உதடு நீலம் பாரிக்கும். ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் பொத்தானைத் தட்டினால் ரத்த அழுத்தம் சரியும். இதன் மூதாதை, 1960இல் நார்வேயின் ஆஸ்மண்ட் லேர்டால் செய்த ‘ரெசஸி ஆன்’. அவர் விளையாட்டுப் பொம்மை தயாரிப்பாளர் என்பது கூடுதல் சுவை.

பேச்சுப் பாடம் வந்தது விமானத்திலிருந்து. 1977இல் டெனரிஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். மற்ற விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று ஒரு விமானப் பொறியாளர் கேட்டிருந்தார். கேப்டன் அதைத் தள்ளிவிட்டார். பொறியாளரும் மேலே வற்புறுத்தவில்லை. தயங்காமல் பேச விமானிகளுக்குப் பின்னாளில் பயிற்சி வந்தது. அதை மயக்கவியலுக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி, ஸ்டான்ஃபோர்டின் டேவிட் கபா.

முதல் பாடம் எளிது: கேட்டதைத் திருப்பிச் சொல்வது. ஓட்டலில் சப்ளையர் “ரெண்டு ரோஸ்ட்” என்றால், உள்ளிருந்து மாஸ்டர் “ரெண்டு ரோஸ்ட்” என்பாரே, அதேதான். ‘ஃபிஃப்டீன்’ என்றது ‘ஃபிஃப்டி’யாகக் காதில் விழுந்திருந்தால், மருந்து ஏறுவதற்குள் மாட்டிக்கொள்ளும்.

அடுத்த பாடத்தில்தான் சூழ்ச்சி. டாக்டராக நடிப்பவர் வேண்டுமென்றே தப்பான அளவைச் சொல்வார். நர்ஸ் தட்டிக் கேட்கிறாரா? கேட்பதற்கு மூன்று படிகள் சொல்லித் தருகிறார்கள். “எனக்குக் கவலையாக இருக்கிறது.” பலிக்கவில்லையா, “இது எனக்குச் சரியாகப் படவில்லை.” அதற்கும் மசியாவிட்டால், “இது நோயாளிக்கு ஆபத்து, நிறுத்துங்கள்.” குரலை உயர்த்தத் தேவையில்லை, வார்த்தையின் எடை கூடிக்கொண்டே போகிறது. இப்படி முன்கூட்டியே தயாராக வைத்த வார்த்தை இருந்தால், மேலதிகாரியை எதிர்க்கிறோமே என்ற கூச்சம் பாதியாவது குறையும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாடகம் முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து, அதை எடுத்த வீடியோவைப் பார்த்துப் பேசுகிறார்கள். இதற்குப் பின்னாய்வு என்று பெயர். பெரும்பாலும் நாடகத்தைவிட இதுதான் நீளம். “ஏன் சொல்லவில்லை?” என்று ஆசிரியர் குடைவதில்லை, “அந்த நொடியில் மனதில் என்ன ஓடியது?” என்பார். தப்பு நர்சின் கண்ணில் பட்டிருக்கும், டாக்டருக்குத் தெரியாததா என்று வாய் மூடியிருக்கும். திட்டினால் இந்த உண்மை வெளியே வராது.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். இந்தப் பயிற்சியை நர்சுகளோடு நிறுத்தினால் பாதி வேலைதான். “மறுபடி சொல்லுங்க சிஸ்டர்” என்று கேட்க டாக்டர்களும் அதே பொம்மையருகில் நின்று பழகவேண்டும்.