கிணற்று மட்டமும் நிலம் பெற்ற நீரும்

திருக்குறளின் கல்வி அதிகாரத்தில் அறிவின் பெருக்கத்திற்கு உவமையாக வருவது மணற்கேணி. பாறையில் வெட்டிய கிணறு அன்று. அவ்வுவமை எத்துணைப் பொருத்தமானது என்பதை நிலத்தடி நீரியல் இன்று எண்களால் காட்டுகிறது.

பெய்யும் மழையில் ஒரு பகுதி ஆறாக ஓடும். ஒரு பகுதி ஆவியாகும். ஒரு பகுதியைப் பயிர் உறிஞ்சும். எஞ்சியது மண்ணூடு இறங்கி நிலத்தடி நீரோடு சேரும். இதுவே நீரூட்டம் எனப்படும். ஓர் ஊரார் ஆண்டுதோறும் எவ்வளவு நீர் இறைக்கலாம் என்பது இதனைப் பொறுத்தது. மண்ணுள் இறங்கும் நீரை நேரே அளத்தல் அரிது. ஆகவே அறிஞர் கிணற்றைச் சாட்சியாகக் கொள்கின்றனர்.

மழைக்கு முன் ஒருமுறையும் மழை ஓய்ந்தபின் ஒருமுறையும் கிணற்று நீர்மட்டத்தை அளப்பர். மட்டம் 4 மீட்டர் உயர்ந்தது எனக் கொள்வோம். நிலமும் 4 மீட்டர் ஆழ நீரைப் பெற்றதா? இல்லை. கிணற்றுக்குள் நீர் மட்டுமே உண்டு. கிணற்றைச் சூழ்ந்த நிலத்திலோ மணலும் கல்லுமே மிகுதி. அவற்றின் இடுக்குகளில்தான் நீர் தங்கும். அதிலும் ஒரு பகுதி மணிகளோடு ஒட்டிக்கொண்டு வெளிவராது. வடிந்து வரக்கூடிய பங்கை மட்டும் 'நீர் விடுதிறன்' எனலாம். 1923-இல் அமெரிக்க அறிஞர் மைன்சர் இதற்குத் திட்டமான வரையறை தந்தார்.

மட்ட உயர்வை இத்திறனால் பெருக்கினால் நிலத்தில் சேர்ந்த நீர் கிடைக்கும். இந்தியாவில் 1984-இல் ஒரு குழு இம்முறையை வகுத்தது. 1997-இலும் 2015-இலும் அது திருத்தப்பட்டது. 1997-இன் அறிக்கை மணற்பாங்கான வண்டல் நிலத்திற்கு 16 விழுக்காடும், களிமண் மிகுந்த சிதைந்த கருங்கல் நிலத்திற்கு 1.5 விழுக்காடும் பரிந்துரைத்தது. அதன்படி, அதே 4 மீட்டர் உயர்வு மணல் நிலத்தில் 64 சென்டிமீட்டர் நீரையும், கருங்கல் நிலத்தில் வெறும் 6 சென்டிமீட்டர் நீரையுமே குறிக்கும்.

கணக்கு இத்துடன் முடிவதில்லை. மழைக்காலத்திலும் உழவர் நீர் இறைப்பர். அவ்வளவையும் கூட்ட வேண்டும். ஏரி, வாய்க்கால்களிலிருந்து கசிந்த நீரைக் கழித்தால்தான் மழையின் பங்கு தெரியும். பெருமழையின்போது மண்ணில் அடைபட்ட காற்று, மட்டத்தைப் பொய்யாக உயர்த்துவதும் உண்டு. எனவே மழையளவிலிருந்து செய்யும் மற்றொரு கணக்கோடு விடையை ஒப்பிடுவர். இரண்டும் 20 விழுக்காட்டுக்குள் ஒத்திருந்தால் கிணற்றுக் கணக்கை ஏற்பர்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி கரும்பாறை நிலமே. நெற்பயிர் ஒரு போகத்திற்கு ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழ நீரை வேண்டுவது. கிணற்றை மட்டுமே நம்பினால், மேற்கூறிய 6 சென்டிமீட்டர் கணக்கில், ஓர் ஏக்கர் நெல்லுக்குப் பதினாறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தின் நீரூட்டம் தேவை. மழை ஓய்ந்ததும் நிரம்பித் ததும்பும் கிணறு கோடைக்கு முன்னரே வற்றுவதன் காரணம் இதில் விளங்கும். நீர்மட்டத்தைக் கண்டு மகிழ்வதோடு நில்லாமல், நிலத்தின் இயல்பையும் அறிந்து இறைப்பவரின் கிணறே கோடையிலும் உதவும்.