பூட்டிய கதவுக்குப் பெயர் விதியா?

கூட்டம் கூடிய இடத்தில் தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம், "எல்லாம் விதி" என்று பெருமூச்சு விட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போவோர் உண்டு. அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். தீ திடீரென வந்திருக்கலாம்; ஆனால் வாசலை அடைத்தது யார்? விதியா, வசூலா?

1903ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள். அமெரிக்காவில் சிகாகோ நகரின் இரோக்குவாய் நாடக அரங்கம். "தீயே அண்டாத அரங்கம்" என்று விளம்பரம் செய்து திறந்தார்கள். ஆறு வாரம்கூட ஆகவில்லை. மேடையில் விளக்கிலிருந்து கிளம்பிய தீ 602 உயிர்களைக் குடித்தது. மாடிப்படிகளின் குறுக்கே இரும்புக் கதவுகள் பூட்டிக் கிடந்தன. ஏன் தெரியுமா? குறைந்த கட்டணம் கொடுத்தவன் கீழே இறங்கி வந்து, உயர்ந்த கட்டண நாற்காலியில் உட்கார்ந்துவிடக் கூடாதாம்! அத்தனை சாவுக்கும் ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை.

இதிலிருந்து பாடம் கற்றார்களா? 1944 ஜூலை 6. அதே நாட்டில், ஹார்ட்போர்டு நகரில் ரிங்லிங் சர்க்கஸ். ஏறத்தாழ 7,000 பேர் கூடியிருந்தனர். மழைநீர் ஒழுகாதிருக்கக் கூடாரத் துணியில் எதைப் பூசியிருந்தார்கள்? பெட்ரோலில் கரைத்த மெழுகை! மெழுகுத் துணிக்கு அடியில் குழந்தை குட்டிகளை உட்கார வைத்துக் காசு வாங்கினார்கள். தீப்பற்றியதும் மக்கள் வாசலுக்கு ஓடினர். அரங்கத்துக்கு விலங்குகளை ஓட்டிவர அமைத்திருந்த இரும்புக் கம்பிப் பாதை குறுக்கே நின்றது. விலங்கு வர வழி இருந்தது. பிள்ளை போக வழி இல்லை! பத்தே நிமிடத்தில் கூடாரம் சாய்ந்தது. 160க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அயல்நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிடலாமா? 1997 ஜூன் 13 அன்று டில்லி உபஹார் திரையரங்கில் நடந்தது என்ன? கீழே கார்கள் நிற்கும் இடத்தில் டிரான்ஸ்பார்மரிலிருந்து தீ எழுந்தது. புகை மேலே ஏறியது. பால்கனியிலோ கூடுதல் நாற்காலிகள் போட்டு ஒரு பக்க வழியையே அடைத்திருந்தார்கள். 59 பேர் மாண்டனர். ஊர் வேறு, ஆண்டு வேறு, ஆசை ஒன்றுதான்!

தோழர்களே! முதலாளிகளைக் குறை கூறுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. மாநாட்டுக்கு நாமும் பந்தல் போடுகிறோம். காய்ந்த கீற்று, துணித் தோரணம், தலைக்கு மேலே மின்கம்பி. உள்ளே ஆயிரக்கணக்கான மக்கள். கூட்டம் பெருகினால் நமக்குப் பெருமைதான். ஆனால் வந்தவர் அத்தனை பேரும் வீடு திரும்புவதுதான் உண்மையான வெற்றி. பந்தக்கால் நடும்போதே வெளிவாசல்களை எண்ணுங்கள். வழியில் நாற்காலி போடாதீர்கள். மணலும் தண்ணீரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

திரையரங்குகளில் வேலை பார்க்கும் தோழர்களுக்கும் ஒரு சொல். படம் ஓடும்போது கதவைப் பூட்டச் சொன்னால், "முடியாது" என்று சொல்லுங்கள். தனியாகச் சொல்ல அஞ்சினால் சங்கத்தின் மூலம் சொல்லுங்கள். டிக்கெட் இல்லாதவன் நுழைவான் என்ற அச்சமா? வாசலில் ஓர் ஆளை நிறுத்தட்டும். ஆளுக்குக் கூலி கொடுக்க மனமில்லாமல்தானே பூட்டை மாட்டுகிறார்கள்! காவலுக்கு மனிதன் நிற்கட்டும், பூட்டு வேண்டாம்!