படமும் நோட்டீசும்: சென்னையின் பொதுவாழ்வுக்குச் சாட்சியான தாள்கள்

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் முதலில் நாடுவது அரசாணைகளையும் மக்கள்தொகைக் கணக்குகளையும் நில ஆவணங்களையும்தான். ஆயினும், அந்நகரத்து மக்கள் எந்த நாளில் எதற்காகத் தெருவில் கூடினார்கள், அவர்களை அழைத்தவர் யார், கூடிய இடத்தில் யாருக்கு நாற்காலி கிடைத்தது, யார் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள் என்ற கேள்விகளுக்கு அவ்வாவணங்களில் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. அந்த விடைகளைத் தாங்கி நிற்பவை இரு வகைச் சான்றுகள். ஒன்று ஒளிப்படம், மற்றொன்று, ஒரு நாளின் அல்லது ஒரு பருவத்தின் தேவைக்காக அச்சிடப்பட்டு, தேவை முடிந்ததும் எறியப்படுகின்ற துண்டு நோட்டீஸ், சுவரொட்டி, நாடக அறிவிப்பு, சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, டிராம் டிக்கெட், ரேஷன் கார்டு முதலிய தாள்கள். நூலகவியலார் 'எஃபிமெரா' என்று வழங்கும் இத்தாள்களைத் தமிழில் குறுங்கால அச்சுப்பொருள்கள் எனலாம்.

இவற்றைச் சேர்ப்பது பயனற்ற பொழுதுபோக்கு என்ற எண்ணம் ஒரு காலத்தில் எங்கும் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் தலைவராக இருந்த ஜான் ஜான்சன் திரட்டிய இத்தகைய தாள்கள் 1968-இல் அப்பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்தைச் சேர்ந்து, இன்று பிரிட்டனின் சமூக வரலாற்றை ஆராய்வோருக்கு இன்றியமையாத தொகுப்பாக விளங்குகின்றன. சென்னைக்கும் இத்தகைய செல்வம் உண்டு. அதன் மதிப்பை உணர வேண்டுமானால், படத்தையும் தாளையும் தனித்தனியே ரசிப்பதை விடுத்து, ஒன்றை மற்றொன்றின் துணைகொண்டு படிக்கப் பழக வேண்டும்.

கேமராவின் பார்வை

சென்னையில் ஒளிப்படக் கலை 1850-களிலேயே வேரூன்றிவிட்டது. 1850-இல் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் அங்கு இக்கலையைக் கற்பிக்கவும் ஏற்பாடு செய்தார். 1856-இல் மதராஸ் அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளின் கோயில்களையும் கோட்டைகளையும் படம்பிடித்ததோடு, 1858-இல் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களையும் பதிவு செய்தார். கல்லையும் கட்டடத்தையும் அத்தனை பொறுமையோடு பதிவு செய்த அந்த அரசுக் கேமரா, மனிதர் பக்கம் திரும்பியபோது வேறு நோக்கம் கொண்டதாயிற்று. 1868 முதல் 1875 வரை லண்டனில் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' என்னும் படத்தொகுப்பு, நாட்டு மக்களைச் சாதிகளாகவும் இனங்களாகவும் வகைப்படுத்திக் காட்டியதேயன்றி, படத்தில் நிற்கும் பெரும்பாலோரின் பெயரைக் கூறவில்லை.

அத்தொகுப்புக்குப் படம் தந்தவர்களுள் ஒருவரான இராணுவ அதிகாரி வில்லபி வாலஸ் ஹூப்பர், 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது எலும்பும் தோலுமாயிருந்த மக்களைக் குழுக்களாக அமர்த்தி எடுத்த படங்கள் இன்றும் பார்ப்போரை உலுக்குகின்றன. பஞ்சத்தின் கொடுமையை மறுக்க முடியாதபடி நிறுவிய அதே படங்கள், பசியால் துவண்டவர்களை வரிசைப்படுத்திப் படமெடுத்தவர் அவர்களுக்கு உதவ முன்வரவில்லை என்ற கடும் கண்டனத்துக்கும் இலக்காயின. ஒரு படம் உண்மையைக் காட்டுகிறது என்பதால் அது முழு உண்மையையும் காட்டிவிடுவதில்லை. எடுத்தவர் யார், யாருக்காக எடுத்தார், எடுக்கப்பட்டவருக்கு மறுக்கும் உரிமை இருந்ததா என்பவையும் தெரிந்தால்தான் அது வரலாற்றுச் சான்றாகிறது.

இதற்கு நேர்மாறாக, தாமே விரும்பிக் காசு கொடுத்து எடுத்துக்கொண்ட ஸ்டுடியோ படங்களில் மக்கள் தம்மை எவ்வாறு காட்டிக்கொள்ள விரும்பினார்கள் என்பது தெரிகிறது. திரையில் தீட்டிய மாளிகைப் படியும் பூந்தோட்டமும், கையில் ஏந்திய புத்தகமும், மடியில் அமர்ந்த குழந்தையின் அலங்காரமும், யார் நாற்காலியில் இருக்கிறார், யார் பின்னால் நிற்கிறார் என்ற அமைப்பும் குடும்பத்துக்குள் நிலவிய மரியாதை ஒழுங்கைப் புலப்படுத்துகின்றன. ஆர்மேனியர், பார்சிகள், குஜராத்திகள், ஆங்கிலோ-இந்தியர், தெலுங்கர், உருது பேசும் முஸ்லிம்கள் எனப் பலரும் சேர்ந்து உருவாக்கிய சென்னையில், ஒவ்வொரு சமூகத்தின் உடையும் சடங்கும் காலப்போக்கில் மாறிய விதத்தை அறிய வீட்டு ஆல்பங்களைவிட நெருக்கமான சான்று அரிது.

தெருவில் கொடுத்த தாள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒளிப்படம் அஞ்சலட்டையாக மாறி எளியோர் கைக்கும் எட்டியது. மவுண்ட் ரோட்டில் இருந்த ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை நகரின் கட்டடங்களையும் தெருக்களையும் படஅட்டைகளாக வெளியிட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் துறைமுகத்தருகே குண்டு வீசி பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியபின், தீயும் புகையுமாய் நின்ற அத்தொட்டிகளின் காட்சியும் அட்டைகளில் அச்சேறியது. நகரம் அஞ்சி நடுங்கிய ஒரு நிகழ்வு, உறவினருக்குச் சேதி எழுதி அனுப்பும் பொருளாகவும் ஆனது.

படத்தைக் காட்டிலும் மிகுதியாகத் தெருவில் புழங்கியது நோட்டீஸ். மாட்டுவண்டியில் தப்பட்டை முழங்க வந்து வீதிதோறும் கொடுத்த நாடக நோட்டீஸ்களில் நாடகத்தின் பெயர், நடிகர் புகழ், இரவு தொடங்கும் நேரம், நாற்காலி, பெஞ்சு, தரை என வகுத்த கட்டண விவரம், பெண்களுக்குத் தனி இடம் உண்டு என்ற உறுதி ஆகியவற்றோடு, பஞ்சமருக்கு இடமில்லை என்ற வரியும் சிலவற்றில் அச்சிடப்பட்டிருந்தது. தீண்டாமை கிராமத்துச் சேரியோடு நின்றுவிடவில்லை, காசு கொடுத்து டிக்கெட் வாங்கும் பொது அரங்கின் வாசலிலும் வெட்கமின்றி நின்றது என்பதற்கு அந்த ஒரு வரி போதும். அரங்கு நிரம்பிய கூட்டத்தைப் படம் காட்டலாம். அந்தக் கூட்டத்தில் இல்லாதவர் ஏன் இல்லை என்பதை நோட்டீஸ்தான் சொல்லும்.

1867-இல் இயற்றப்பட்ட அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், நூல்களையும் சிறு பிரசுரங்களையும் அரசிடம் பதிவு செய்ய வைத்ததால் அவற்றின் பட்டியல்களேனும் எஞ்சின. ஒற்றைத் தாள் அறிவிப்புகள் அந்தப் பதிவு விதியின் எல்லைக்குள் வரவில்லை. மலிவுப் பதிப்புகளுக்குப் பேர்போன குஜிலிக் கடைகளில் விற்ற கொலைச் சிந்து, ரயில் விபத்துப் பாட்டு, புயல் கும்மி முதலிய சில பக்க வெளியீடுகளின் வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்த பிறகுதான், அவை நகர மக்களின் செய்தி வாசிப்போடு எவ்வளவு பிணைந்திருந்தன என்பது பரவலாக உணரப்பட்டது. விடுதலைப் போராட்ட காலத்தில் அரசு தடைசெய்து கைப்பற்றிய பாடல்களும் துண்டறிக்கைகளும் கோப்புகளில் கோக்கப்பட்டதால், அழிக்க நினைத்தவர்களின் அலுவலகமே அவற்றுக்குக் காப்பகமாக அமைந்தது.

திரைப்பட வரலாற்றில் இத்தாள்களின் பங்கு இன்னும் பெரிது. தமிழின் முதல் பேசும்படமாகக் கொள்ளப்படும் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் வெளியாயிற்று. அதன் பிரதி இன்று இல்லை. 1930-களின் தமிழ்ப் படங்களுள் பெரும்பாலானவை அவ்வாறே மறைந்துவிட்ட நிலையில், கதைச் சுருக்கத்தைப் பாதி சொல்லி, மீதியை வெள்ளித்திரையில் காணுமாறு அழைத்த பாட்டுப் புத்தகங்களும் விளம்பரங்களும் இல்லாவிட்டால் நடித்தவர் யார், எத்தனை பாடல்கள், எந்த ராகம் என்பவற்றை அறியவே வழியிருந்திராது.

பொதுநிகழ்வுகளும் தம் தடயங்களைத் தாளில் விட்டுச் சென்றுள்ளன. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக அடுத்த ஆண்டு மியூசிக் அகாடமி தோன்றியது. அதுமுதல் ஆண்டுதோறும் அச்சிடப்படும் நிகழ்ச்சி நிரல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எந்தச் சமூகத்தவர், எந்தக் கருவி, எத்தனை பெண்கள் மேடையேறினர் என்ற மாற்றத்தை ஆண்டுவாரியாகத் தொடர முடியும். 1968 ஜனவரியில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின் ஊர்வலப் படங்கள், மலர், அழைப்பிதழ், நினைவு அஞ்சல்தலை ஆகியவை, கடற்கரையில் அப்போது நிறுவப்பட்ட சிலைகளோடு சேர்த்துப் பார்க்கையில், ஆட்சிக்கு வந்து ஓராண்டுகூட நிறையாத ஓர் இயக்கம் தன்னைத் தலைநகரின் முகத்திலேயே எழுதிக்கொண்ட விதத்தைத் தெளிவாக்குகின்றன.

தேதி இல்லாத தாளுக்குத் தேதி காண்பது

பழைய படங்களிலும் நோட்டீஸ்களிலும் ஆண்டு குறிக்கப்படாதிருப்பதே பெருஞ்சிக்கல். நோட்டீஸ்களில் ௵, ௴, ௳ என்ற குறியீடுகளோடு தமிழ் ஆண்டின் பெயர் இருக்கும். அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்பெயர் மீண்டும் வருவதால், பிரபவ என்று மட்டும் கண்டால் அது 1867-ஆ, 1927-ஆ, 1987-ஆ என்பதை வேறு தடயங்களால் உறுதிசெய்ய வேண்டும். விலை அணாவில் இருந்தால் அது பெரும்பாலும் 1957-க்கு முந்தையது. நயா பைசா என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. ஆறிலக்க அஞ்சல் குறியீடு 1972-க்குப் பிறகே வந்தது. லை, னை போன்ற எழுத்துகள் யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த பழைய வடிவில் அச்சாகியிருந்தால், அது 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என ஊகிக்கலாம். அடியில் சிறிய எழுத்தில் உள்ள அச்சகத்தின் பெயரும் முகவரியும் தேடலை மேலும் குறுக்கித் தரும்.

படத்துக்கும் இவ்வாறே உள்தடயங்கள் உண்டு. தெருக்காட்சியில் மின்சார டிராம் ஓடினால் அது 1895-க்கும் 1953-க்கும் இடையில் எடுக்கப்பட்டது. பின்புறச் சுவரில் ஒட்டிய சினிமாப் போஸ்டரின் பெயரைப் படிக்க முடிந்தால் ஆண்டு மட்டுமன்றி மாதமே தெரிந்துவிடக்கூடும். அஞ்சலட்டையின் முகவரிப் பக்கம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தால், சேதியையும் அப்பக்கத்திலேயே எழுத 1902-இல் பிரிட்டன் அனுமதி அளித்ததையொட்டிப் பரவிய வழக்கத்துக்குப் பின் அச்சானதாகக் கொள்ளலாம். இவ்வாறு படத்துக்குத் தாளும் தாளுக்குப் படமும் காலம் காட்டுவதால்தான், ஒரு வீட்டில் ஒன்றாக இருந்த பொருள்களை அழகானவை, அழகற்றவை எனப் பிரித்து விற்பது வரலாற்றுக்குச் செய்யும் தீங்காகிறது. எந்தப் பொருள் யாரிடமிருந்து, எவற்றோடு சேர்ந்து வந்தது என்ற விவரத்தைக் காப்பாற்றுவதை ஆவணவியலார் தம் முதல் கடமையாகக் கருதுகின்றனர்.

அழிவும் காப்பும்

கடலோர நகரத்தின் ஈரக்காற்று, மரக்கூழால் செய்த மலிவுத் தாளில் உள்ள அமிலம், கரையான், வெள்ளிப்பூச்சி ஆகியவை ஒருபுறம் அழிக்க, பழைய கண்ணாடி நெகட்டிவ்களைக் கழுவி வெறும் கண்ணாடியாக விற்றதும், ஸ்டுடியோக்கள் மூடப்பட்டபோது மூட்டை மூட்டையாகப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டதும் மறுபுறம் அழித்தன. எஞ்சியவற்றுள் பெரும்பங்கு தனிமனிதரின் பற்றால் எஞ்சியது. சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்து பின்னர் கோட்டையூர் திரும்பிய ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம் என ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப்பொருள்களைச் சேர்த்துவைத்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அத்தொகுப்பு சிதறாமல் காக்கப்பட்டு, 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாகச் சென்னையில் நிலைபெற்றது. பல்லாண்டுகள் திரைப்படச் செய்திகளையும் படங்களையும் திரட்டிய ஃபிலிம் நியூஸ் ஆனந்தனின் தொகுப்பைத் தமிழக அரசு பெற்றுக்கொண்டது. தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களை எண்ணிமப் பிரதியாக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின் உதவியோடு மேற்கொண்டது.

நிறுவனங்கள் எவ்வளவு முயன்றாலும் வீடுகளில் உறங்கும் பொருள்களைக் காக்கும் பொறுப்பு அவ்வீட்டாருடையதே. படங்களை லேமினேட் செய்வதும், செலோடேப் ஒட்டிக் கிழிசலை மூடுவதும், ஒட்டும் பக்கங்களுள்ள ஆல்பத்தில் பதிப்பதும் நாளடைவில் கேடு விளைவிப்பவை. அமிலமற்ற தாளுறையில் இட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில், தரையை விட்டு உயர்த்தி வைப்பதே நல்லது. படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால், நிற்பவர்களின் பெயர், ஊர், தெரு, நிகழ்ச்சி, தோராயமான ஆண்டு ஆகியவற்றை வீட்டு மூத்தோரிடம் கேட்டு எழுதிவைப்பது இவை எல்லாவற்றினும் முக்கியம். ஏனெனில் மங்கிய படத்தைக் கணினியால் ஓரளவு தெளிவாக்க இயலும், மறைந்துபோன பெயரை எந்தக் கருவியாலும் மீட்க இயலாது. அசலைக் கொடுக்க விரும்பாத குடும்பங்களிடம் பிரதி மட்டும் எடுத்துக்கொண்டு அசலை வீட்டிலேயே விட்டுவரும் முறை இன்று எளிதாகிவிட்டதால், பள்ளிகளும் நூலகங்களும் தெருச் சங்கங்களும் தத்தம் பகுதியில் இதனை நடத்த முடியும்.

அவ்வாறு நடத்தும்போது கடற்கரைக் குப்பத்து மீனவர், பெரம்பூர் ரயில்வே தொழிலாளர், பின்னி ஆலைக் குடும்பத்தினர், ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்டோர் ஆகியோரின் வீட்டுப் பெட்டிகளையும் திறக்கச் செய்ய வேண்டும். ஆண்டவர்களும் செல்வரும் விட்டுச் சென்ற சான்றுகளுக்குக் குறைவில்லை; உழைத்து இந்நகரை எழுப்பியவர்கள் பழைய படங்களின் கூட்டங்களில் பெயரற்ற முகங்களாகவே நிற்கிறார்கள். அம்முகங்களுக்கு உரிய பெயர்களை அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே வாழும்போதே கேட்டுப் பதிவு செய்வதுதான் சென்னையின் வரலாற்றை அதன் மக்கள் அனைவருக்கும் உரியதாக்கும் முதல் வேலை.