ஒருநாள் உலாவும் நீர்மாத்திரையும்

"பிள்ளைகளுக்கு விடுமுறை, எல்லோரும் ஒருநாள் வெளியே போகிறோம். அப்பாவையும் அழைத்துச் செல்லலாமா, டாக்டர்?" இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. உடல்நிலை சீராக இருந்தால் தாராளமாக அழைத்துச் செல்லலாம் என்பதே எங்கள் விடை. கொருக்குப்பேட்டையின் லாரி இரைச்சலிலும் புழுதியிலும் வீட்டுக்குள்ளேயே முடங்கியிருப்பவருக்கு அந்த ஒருநாள் பெரிய ஆறுதல். ஆனால் புறப்படும் நாளில் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு: வழியில் கழிப்பறை கிடைக்காதே என்று அஞ்சி நீர்மாத்திரையை நிறுத்திவிடுவது.

ஏன் நிறுத்தக்கூடாது?

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டது என்று பொருளன்று. அதன் வேலைத்திறன் குறைவதால் உடலில் உப்பும் நீரும் தேங்கி, கால்களிலும் நுரையீரலிலும் சேர்கின்றன. அந்நீரைச் சிறுநீராக வெளியேற்றுவதே நீர்மாத்திரையின் பணி. மாத்திரையை விட்டுவிட்டு, வெளியில் உப்பு மிகுந்த உணவையும் உண்டால், அன்றிரவோ மறுநாளோ மூச்சுத்திணறல் வரக்கூடும். அப்படி அவசரப் பிரிவுக்கு வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இதற்கு வழி, நேரத்தை மாற்றுவது. ஃபியூரோசமைடு மாத்திரை விழுங்கிய ஒரு மணி நேரத்திற்குள் வேலை செய்யத் தொடங்கி, முதல் இரண்டு மணி நேரத்தில் மிகுந்து, ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் அடங்கும். காலை எட்டு மணிக்கு உட்கொள்பவர் அன்று மட்டும் ஐந்து மணிக்கே உட்கொண்டால், ஒன்பது மணிக்கு வண்டி ஏறும்போது பெரும்பகுதி நீர் வெளியேறியிருக்கும். இந்த மாற்றம் உங்களுக்குப் பொருந்துமா என்பதை முன்னதாகவே உங்கள் மருத்துவரிடம் கேட்டறியுங்கள். மற்ற மாத்திரைகளில் எதையும் தாமாக மாற்றவேண்டாம்.

எங்கே செல்லலாம்?

எடுத்துக்காட்டாக, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா. 1996இல் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரப் பகுதிகளின் பழைய வீடுகள் பதினெட்டு உள்ளன. இடிபடவிருந்த வீடுகள் பலவற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். வீடுகளுக்கிடையே மரநிழலும் உண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை. நம் பகுதியிலிருந்து ஏறக்குறைய 35 முதல் 40 கிலோமீட்டர். சக்கர நாற்காலி வசதி, கழிப்பறை, நுழைவுக் கட்டணம் ஆகியவற்றைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். சித்திரை, வைகாசி வெயிலைத் தவிர்த்துத் தை, மாசியில் செல்வது நலம்.

பதினெட்டு வீடுகளையும் பார்த்தே தீரவேண்டும் என்று எண்ணாதீர்கள். மூன்று, நான்கு வீடுகள் போதும். பழைய வீடுகளின் வாசற்படி உயரமானது. ஒவ்வொன்றும் இதயத்திற்கு ஒரு சிறு மாடிப்படியே. ஆனால் அதே வீடுகளுக்குத் திண்ணையும் உண்டு. நோயாளி அங்கே அமர்ந்திருக்க, மற்றவர்கள் முறைவைத்து உள்ளே சென்று வரட்டும். ஒருவர் எப்போதும் உடனிருக்கவேண்டும். நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று கவனியுங்கள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் உடனே அமரச் செய்யுங்கள்.

கையில் இருக்கவேண்டியவை

• அன்றைய மாத்திரைகளும், தாமதமானால் உதவ ஒருவேளை மாத்திரைகளும்.
• டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகல்.
• மருத்துவர் குறித்த அளவு தண்ணீர், அளவு தெரியும் பாட்டிலில். வெயில் கடுமையாக இருந்தால் எவ்வளவு கூட்டலாம் என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.
• வீட்டு உணவு: இட்லி, உப்புக் குறைத்த தயிர்சாதம். ஊறுகாய், சிப்ஸ், அப்பளம், கருவாடு வேண்டாம்.
• சர்க்கரை நோயும் இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரை கொண்ட சிறு பொட்டலம். இன்சுலினை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுச் செல்லாதீர்கள்.

எப்போது தள்ளிப்போடவேண்டும்?

கால் வீக்கம் கூடியிருந்தாலும், படுத்தால் மூச்சு முட்டினாலும், மூன்று நாட்களுக்குள் எடை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியிருந்தாலும் உலாவை ஒத்திவைத்து எங்களிடம் வாருங்கள். வழியில் நெஞ்சுவலி, மயக்கம், அமர்ந்தபின்னும் தணியாத மூச்சுத்திணறல் ஏற்பட்டால் 108ஐ அழையுங்கள். வீடு திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கவேண்டாம்.

திரும்பி வந்த மறுநாள் காலை, சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். எடை ஏறாமல் இருந்தால் உலா நல்லபடியாக முடிந்தது என்று கொள்ளலாம். அடுத்த முறை எங்களைப் பார்க்க வரும்போது அந்தக் குறிப்பையும் கொண்டு வாருங்கள்.